காவிரி ஏன் கடைசியில் மெலிகிறது?

கேள்வி: குளித்தலையில் அக்கரை தெரியாத அளவுக்கு அகன்றிருக்கும் காவிரி, பூம்புகாரில் வாய்க்கால் போல ஆகிவிடுகிறதே! கடலை நெருங்க நெருங்க ஆறு பெருக வேண்டாமா?

பதில்: பெருகும், வழிநெடுக ஆறுகள் வந்து சேர்ந்தால். காவிரிக்கு அந்த வரவு கரூரோடு சரி. ஹேமாவதி, கபினி, பவானி, நொய்யல், கடைசியாகத் திருமுக்கூடலூரில் அமராவதி. அதற்குக் கீழே பெரிய ஆறு எதுவும் வந்து கலப்பதில்லை. அப்புறம் செலவுதான். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. வெள்ளக் காலத்தில் பெரும்பங்கு நீர் அதன் வழியாகத்தான் கடலுக்குப் போகும். நீங்கள் தேடும் அந்த அகன்ற ஆற்றைப் பூம்புகாரில் அல்ல, கொள்ளிடக் கரையில் போய்ப் பாருங்கள். கல்லணையில் வெண்ணாறும், 1934-இல் வெட்டி முடித்த கல்லணைக் கால்வாயும் தம் பங்கை வாங்கிக்கொள்கின்றன. மிஞ்சியதிலும் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று கிளைகள் பிரிந்து வயல்களுக்குப் போய்விடுகின்றன. வெயிலில் ஆவியாவது தனிக்கணக்கு.

இன்னொன்று, அகலத்தை வைத்து நீரை எடைபோடாதீர்கள். குளித்தலையில் கோடையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் மணல்தான். தண்ணீரில் ஒரு பகுதி அந்த மணலுக்கு அடியில் நகர்கிறது. ஆறு வறண்டிருக்கும்போதும் படுகையில் ஊற்று தோண்டினால் நீர் சுரப்பது அதனால்தான்.