அலையேறும் எழுத்துகள்

நுழையும்முன்

ஓலையிலும் தாளிலும் தங்கிய எழுத்து, பின்னர்த் தந்திக் கம்பியில் ஓடியது. இன்று கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலைகளின்மீதும் ஏறிச் செல்கிறது. கைப்பேசிக் கோபுரமும் இணையமும் இல்லாத இடத்திலிருந்தும், ஒரு வானொலிக் கருவியும் ஒரு கணினியும் இணைந்தால் செய்தி கடல் கடக்கும். அவ்விணைப்பின் நுட்பத்தையும் அதனைக் கையாள்வோர்க்கு வேண்டிய ஒழுங்கையும் இப்பாடம் விளக்குகிறது.

பொழுதுபோக்கும் பொறுப்பும்

ஊதியம் கருதாமல், கற்கும் ஆர்வத்தால் வானொலித் தொடர்பில் ஈடுபடுவோரின் துறை அமெச்சூர் வானொலி எனப்படும். மக்கள் வழக்கில் இது ‘ஹாம் வானொலி’. அரசின் உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் உலகில் வேறு எவருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி வழங்கப்படுகிறது.

2004ஆம் ஆண்டு டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழுவினர் அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்து உலக நாடுகளுடன் தொடர்புகொண்டிருந்தனர். டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது தொலைபேசித் தொடர்புகள் அற்றுப்போயின. பொழுதுபோக்காக நிறுவப்பட்ட வானொலி நிலையம், தீவுகளில் இருப்போரின் நிலையைப் பெருநிலத்திற்குத் தெரிவிக்கும் வாயிலாயிற்று.

இத்தகைய வேளையில் ஒரு பெயரைப் பிழையின்றிச் சேர்ப்பதே பெரும்பணி. இரைச்சலுக்கிடையே ‘மாலா’ என்பது ‘பாலா’ என்று கேட்டுவிட்டால், ஒரு குடும்பத்திற்கு உரிய ஆறுதல் மற்றொரு குடும்பத்திற்குச் சென்றுவிடும். குரலோடு எழுத்தையும் அலையில் அனுப்பக் கற்றதன் பயனை இங்கே உணரலாம்.

எழுத்து ஒலியாதல்

அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒன்றாய் அமைந்தது ‘டிரான்சீவர்’. இது ஒலியை வானொலி அலையாகவும், வானொலி அலையை ஒலியாகவும் மாற்றும். விசைப்பலகையில் தட்டப்படும் எழுத்தைக் கணினியின் மென்பொருள் குறியீடாக்கி, அக்குறியீட்டைச் சீழ்க்கை போன்ற ஒலியாக்குகிறது. அவ்வொலியை டிரான்சீவர் அலையாக்கி அனுப்ப, மறுமுனையிலுள்ள கணினி அதனை மீண்டும் எழுத்தாக்குகிறது. ஒலிக்கும் எண்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பது கணினியிலுள்ள ஒலி அட்டையாகும்.

மூன்று இணைப்புகள்

இவ்விரு கருவிகளுக்கும் இடையே மூன்று இணைப்புகள் தேவை. முதலாவது, வானொலியின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுவருவது. இரண்டாவது, கணினியின் ஒலியை வானொலிக்குள் செலுத்துவது. மூன்றாவது, ‘இப்போது அனுப்புக’ என்று கட்டளையிடுவது. பேசுவோர் ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்திச் செய்யும் இவ்வேலையைக் கணினி ஒரு மின்குறிப்பால் செய்கிறது. அண்மைக்கால டிரான்சீவர்கள் சிலவற்றில் ஒலி அட்டை உள்ளேயே அமைந்திருப்பதால், ஒரே யு.எஸ்.பி. வடம் மூன்று பணிகளையும் முடித்துவிடும்.

பழைய கருவிகளை நேரடியாகக் கம்பியால் பிணைத்தால், இரண்டின் தரை இணைப்புகளும் சேர்ந்து ஒரு சுற்றாகி ‘உம்’ என்னும் முரல் ஒலி புகுந்துவிடும். இதனைத் தவிர்க்க, ஒலி செல்லும் வழியில் சிறு மின்மாற்றி வைக்கப்படுகிறது. அதன் இரு சுருள்களுக்கிடையே கம்பித் தொடர்பு இல்லை. காந்தப்புலமே ஒலிக்குறிப்பைக் கடத்துகிறது. கட்டளை செல்லும் வழியில் ஒளிவழி இணைப்பி வைக்கப்படுகிறது. அதனுள் ஒரு பக்கத்து ஒளியுமிழ் டையோடு ஒளிர, மறுபக்கம் அவ்வொளியை உணர்ந்து இயங்கும். தொடாமல் தொடர்புகொள்ளும் இவ்வமைப்பு இரு கருவிகளையும் காக்கிறது.

அளவறிந்து அனுப்புதல்

ஒலிவாங்கிக்கு உரிய வாயில் சில மில்லிவோல்ட் அளவையே எதிர்பார்க்கிறது. கணினி தரும் ஒலியோ அதனைவிடப் பன்மடங்கு வலியது. ஆகவே, மின்தடைகளால் அதனைக் குறைத்தே செலுத்த வேண்டும். அளவு மிகுந்தால் அலை சிதைந்து, தனக்குரிய பட்டையைக் கடந்து பக்கத்து அதிர்வெண்களிலும் பரவும். அங்கே மெல்லிய குரலுக்காகச் செவிசாய்த்திருப்பவரின் தொடர்பு கெடும். உரக்க ஒலிப்பது தெளிவாக ஒலிப்பதாகாது என்பதே இத்துறையின் முதற்பாடம்.

மேலும், பேச்சில் இடைவெளிகள் உண்டு. எண்முறைக் குறிப்பில் அவை அரிது. கருவி ஓய்வின்றி உழைப்பதால் அனுப்பும் திறனைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கணினியின் பிற அறிவிப்பு ஒலிகளையும் நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் மின்னஞ்சல் வந்த மணியோசையும் வானேறிவிடும்.

இரைச்சலுக்குள் செய்தி

1998இல் இங்கிலாந்தின் பீட்டர் மார்ட்டினெஸ் பி.எஸ்.கே.31 என்னும் முறையை அறிமுகப்படுத்தினார். தட்டச்சு செய்யும் வேகத்தில் உரையாட இது ஏற்றது. அடிக்கடி வரும் எழுத்துகளுக்குக் குறுகிய குறியீடு தருவது இதன் சிக்கனம்.

2017இல் அமெரிக்காவின் ஜோ டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்க் ஆகியோர் எஃப்.டி.8 முறையை வெளியிட்டனர். இதில் 77 பிட்டுகள் செய்தி. பிழையறிந்து திருத்துவதற்காக மேலும் 97 பிட்டுகள் சேர்க்கப்படுகின்றன. செய்தியினும் அதன் காவலுக்கே மிகுதியான இடம்! அதனால்தான் மனிதச் செவிக்கு எட்டாத மெல்லிய குறிப்பும் எழுத்தாக மீள்கிறது. 15 நொடிக்கு ஒருமுறை இருவரும் மாறிமாறி அனுப்புவர். கணினியின் கடிகாரம் சில நொடிகள் பிசகினாலே செய்தி விளங்காது.

ஆயினும், எஃப்.டி.8 அழைப்புக்குறி, இருப்பிடம், அலைவலிமை ஆகியவற்றைப் பரிமாறவே அமைந்தது. பேரிடரில் பெயர்ப்பட்டியல் அனுப்பப் பாக்கெட் வானொலி போன்ற முறைகள் ஏற்றவை. அவை செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து அனுப்பும். பிழைபட்ட பொதியை மீண்டும் அனுப்பச்செய்யும். தேவையறிந்து முறையைத் தேர்வதே அறிவுடைமை.

தெரிந்து தெளிவோம்

ஜோ டெய்லர் ஒரு வானியற்பியலாளர். இரட்டைத் துடிப்பு விண்மீனைக் கண்டறிந்தமைக்காக ரசல் ஹல்சுடன் இணைந்து 1993ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றார். விண்ணின் மெல்லிய துடிப்பை இரைச்சலிலிருந்து பிரித்தறிந்தவரே, மண்ணுலகில் மனிதர் அனுப்பும் மெல்லிய குறிப்பையும் மீட்க வழிகண்டார்.

கேட்கும் பண்பு

இந்தியாவில் 12 வயது நிறைந்தோர் தேர்வெழுதி ஹாம் உரிமம் பெறலாம். உரிமமின்றி அலைபரப்புவது குற்றம்; ஆனால் அனுப்பாமல் கேட்டே கற்கத்தக்கவை பல. அலைவரிசையில் வேறொருவர் இருக்கிறாரா என்று கேட்டறிந்த பின்னரே அனுப்புவது ஹாம் மரபு. பேசுவதற்குமுன் கேட்பவரே, பேரிடர் நாளில் ஒரு பெயரைப் பிழையின்றிக் கரைசேர்ப்பார்.

கற்பவை கற்றபின்

1. ‘செய்தியினும் அதன் காவலுக்கே மிகுதியான இடம்’ – இத்தொடரின் பொருளை விளக்குக.
2. பேரிடர்க் காலத்தில் குரல்வழித் தொடர்பு, எழுத்துவழித் தொடர்பு ஆகியவற்றின் நிறைகுறைகளை ஒப்பிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.
3. வானொலியையும் கணினியையும் இணைக்கும் மூன்று வழிகளைப் படம் வரைந்து தமிழில் பெயரிடுக.