தோட்டத் தொழிலாளர் நலமும் சுகாதாரப் பயிற்சியும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கோதையாற்றின் கரையில் அமைந்த திற்பரப்பு, அருவியால் பெயர் பெற்ற ஊர். ஆயினும், அவ்வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குச் சோறிடுவது ரப்பர் மரமே. மரம் தரும் பாலை நாள்தோறும் அளக்கிறோம். அதனை வெட்டுவோரின் உடல்நிலையையும் அவ்வாறே கவனிக்கிறோமா?

தொழிலும் இடர்களும்

பால்வெட்டு விடியுமுன்னரே தொடங்குகிறது. வெயில் ஏறினால் மரத்தினுள் அழுத்தம் தளர்ந்து பால் ஒழுக்குக் குறையும் என்பதே காரணம். ஒருவர் ஒரு காலையில் ஏறத்தாழ 300 மரங்களை வெட்டுகிறார். வெட்டுமுகம் ஆண்டுக்காண்டு கீழிறங்க, அவரும் மேலும் குனிய வேண்டியதாகிறது. இருளில் சருகினுள் கிடக்கும் பாம்பு, மழைக்கால எலிக்காய்ச்சல், சிரட்டையில் தேங்கிய நீரில் பெருகும் கொசு, பாலை உறைய வைக்கும் பார்மிக் திராவகம், புகைக்கூடத்தின் புகை ஆகியன பிற இடர்கள்.

இன்றுள்ள ஏற்பாடு

மக்கள் வாழுமிடத்திற்கும் உழைக்குமிடத்திற்கும் மருத்துவ வசதி இயன்றவரை அண்மையில் இருக்கவேண்டும் என்று 1978-ஆம் ஆண்டின் அல்மா ஆட்டா மாநாடு அறிவித்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியே பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதிக்கின்றனர். 2024-இல் பரிசோதனை தொழிற்கூடங்களுக்கும் சென்றது. ஆனால், சிறு தோட்டத்தில் பால் வெட்டுபவர் காலையில் வீட்டிலும் இல்லை, தொழிற்கூடத்திலும் இல்லை. இவ்விரண்டு வலைகளிலிருந்தும் அவர் நழுவிவிடக்கூடும்.

பயிற்சியில் இடம்பெற வேண்டியவை

1. நோயாளியிடம் “என்ன நோய்?” என்பதோடு “என்ன வேலை?” என்றும் வினவிக் குறித்தல்.

2. பாம்பு கடித்தால் கட்டுப் போடாமலும் கீறாமலும், கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்புதல்.

3. திராவகத்தை நீரில் ஊற்றவேண்டுமேயன்றி, நீரைத் திராவகத்தில் ஊற்றலாகாது எனக் கற்பித்தல். கண்ணில் பட்டால் தூய நீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் அனுப்புதல்.

4. மழையால் வேலை நின்று வருவாய் குன்றும் காலத்தில், மனச்சோர்வையும் மதுப்பழக்கத்தையும் கடிந்துரையாது கண்டறிந்து, மருத்துவரிடம் வழிப்படுத்துதல்.

நமது கடமை

பால் சேகரித்து முடிந்தபின், தொழிலாளர் கூடும் இடத்திலேயே பரிசோதனை நடைபெற, உள்ளாட்சி உறுப்பினர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தாரோடு கலந்து நேரம் குறிக்கலாம். தோட்ட உடைமையாளர் காலணி, கையுறை, விளக்கு ஆகியவற்றை வழங்குவதும், வெட்டில்லாக் காலத்தில் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கச் செய்வதும் பெருஞ்செலவன்று. மரத்தைக் காக்க மழைமறைப்புக் கட்டும் நாம், மனிதனைக் காக்கத் தயங்கலாகாது.

சிந்திக்க

உங்கள் ஊரில் மிகுதியானோர் செய்யும் தொழில் யாது? அதனால் விளையும் நோய்கள் எவை? அத்தொழிலாளர் ஓய்வாயிருக்கும் நேரத்தில் சுகாதாரப் பணியாளர் அவர்களைச் சந்திக்கின்றனரா?