எந்தப் பக்கத்தில் நிறுத்தினாய்?

எங்கள் நடுநிலைப் பள்ளியில் நூலகப் பாடவேளை வெள்ளிக்கிழமை கடைசி வேளையில் வரும். புத்தகத்தை வகுப்பிலேயே படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிட வேண்டும். தொலைந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்! மாணவர்கள் அட்டைப்படம் பார்த்துக் கதைக்குள் நுழைவதற்குள் மணி அடித்துவிடும்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அதை விளக்கும்போது, நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த காலத்தை அவர் குறிப்பிடுகிறார். எனக்கு எங்கள் அலமாரியின் பூட்டு நினைவுக்கு வந்தது.

சென்ற கல்வியாண்டில் ஆறாம் வகுப்புக்கு, வார இறுதியில் வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தேன். கூடவே, திங்களன்று கதைச்சுருக்கம் எழுதி வர வேண்டும் என்றேன். அங்கேதான் தவறினேன். மூன்றாம் வாரம் வழங்கல் பதிவேட்டைப் புரட்டினால், மெல்லிய புத்தகங்களே சுற்றிச் சுற்றி வந்திருந்தன. காரணம் கேட்டேன். "பெரிய புக்குன்னா நெறைய எழுதணுமே டீச்சர்" என்றான் ஒருவன்.

எழுதும் வேலையை நிறுத்தினேன். முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. திங்களன்று ஒரே கேள்விதான்: "எந்தப் பக்கத்தில் நிறுத்தினாய்?" கதைச்சுருக்கம் காட்டாததை இந்தக் கேள்வி காட்டியது. ஒரு மாணவன் தொடர்ந்து மூன்று வாரம் நான்காம் பக்கத்திலேயே நிறுத்தினான். தனியே அழைத்துப் படிக்கச் சொன்னேன். எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படித்தான். அதுவரை எனக்குத் தெரியாது. பிறரைப் பார்த்து எழுதிய சுருக்கங்களுக்கு நானே சிவப்பு மையில் 'நன்று' போட்டிருந்தேன்.

வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிநிலைகளில் 'நுழை' புத்தகம்தான் அவனுக்குப் பொருந்தும். நண்பர்கள் முன் கொடுத்தால் கூசுவான். "தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டுப்பா" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன். திங்களன்று, "அவ இன்னொண்ணு கேக்குறா டீச்சர்" என்று வந்து நின்றான். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் 'நட' புத்தகங்களை அவனே தேடி எடுக்கத் தொடங்கினான்.

ஆண்டு முடிவில் இரண்டு புத்தகங்கள் திரும்பி வரவில்லை. ஒன்று மழையில் ஊறிப்போனது. தலைமையாசிரியர் கையொப்பத்துடன் அதையும் பதிவேட்டில் குறித்தோம். இப்போதெல்லாம் புதன்கிழமையே பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்: "அந்தப் புக்கு யார்கிட்ட இருக்கு டீச்சர்?"