மெல்லிய பிணைப்பும் வல்லிய பொருளும்

உலகில் நாம் காணும் பொருள்கள் எல்லாம் கண்ணுக்குப் புலனாகாத அணுக்களால் ஆனவை. அணுக்கள் சில கூடி மூலக்கூறு ஆகின்றன. மூலக்கூறுகள் பல கூடிப் பொருள் ஆகின்றன. கூடிய அவை பிரிந்து சிதறாமல் நிற்பது எதனால்? நூல் நூலாகவும் மண் மண்ணாகவும் நிலைத்து நிற்கக் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை காணப் பெரிய ஆய்வுக்கூடத்திற்குச் செல்ல வேண்டுவதில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் காட்டிற்குச் சென்றாலே போதும்.

அது வானம் பார்த்த பூமி. முன்னர் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 1985ஆம் ஆண்டு முதல் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. குண்டாற்றின் கரையில் திருச்சுழி இருக்கிறது. ஆயினும் அவ்வாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலே தவிர நீர் இராது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழையை நம்பியே உழவர் பருத்தியும் கம்பும் சோளமும் மல்லியும் விதைக்கின்றனர். கரிசல் பருத்தியை வளர்த்தது. பருத்தி தறியை வளர்த்தது. அருப்புக்கோட்டை நெசவாளர் ஊராகப் பெயர் பெற்றது. கரிசல் மண், பருத்தி நூல் என்னும் இவ்விரண்டையும் ஆராய்ந்தால், நாம் கேட்ட வினாவுக்கு விடை கிடைக்கும்.

பிணைப்புகள் இரு வகைப்படும். மூலக்கூற்றின் உள்ளே அணுவோடு அணுவைச் சேர்ப்பது வலிய பிணைப்பு. மூலக்கூற்றோடு மூலக்கூற்றைச் சேர்ப்பது மெல்லிய பிணைப்பு. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அடுப்பிலேற்றிய நீரில் காணலாம். நீர் கொதித்து ஆவியாகிறது. ஆவி குளிர்ந்து மீண்டும் நீராகிறது. கொதித்ததனால் நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடவில்லை. உள்ளிருக்கும் வலிய பிணைப்பு அப்படியே இருந்தது. மூலக்கூறுகளுக்கு இடையேயிருந்த மெல்லிய பிணைப்பே அற்றது.

அம்மெல்லிய பிணைப்பு எவ்வாறு தோன்றுகிறது? நீர் மூலக்கூற்றில் ஆக்சிஜன் அணு மின்னணுக்களைத் தன்பால் மிகுதியாக இழுத்துக்கொள்கிறது. ஆகவே ஆக்சிஜன் சிறிது எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் சிறிது நேர்மின் தன்மையும் பெறுகின்றன. ஒரு மூலக்கூற்றின் ஹைட்ரஜன் அடுத்த மூலக்கூற்றின் ஆக்சிஜனை நாடுகிறது. இதனையே அறிவியலார் ஹைட்ரஜன் பிணைப்பு என்பர். இதன் வலிமை, நீர் மூலக்கூற்றின் உள்ளே ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்க்கும் பிணைப்பின் வலிமையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே. இதனினும் மெல்லிய ஈர்ப்பு ஒன்றும் உண்டு. அருகருகே உள்ள எல்லா மூலக்கூறுகளுக்கும் இடையே அது செயல்படுகிறது. அதனை 1873இல் தம் ஆய்வுரையில் கருதிப் பார்த்த டச்சு நாட்டு அறிஞர் வான் டெர் வால்ஸ் பெயராலேயே அஃது இன்றும் வழங்குகிறது.

இனிப் பருத்தியைக் காண்போம். தூய்மை செய்த பருத்தி இழையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் செல்லுலோஸ் என்னும் பொருள் உள்ளது. அது குளுக்கோஸ் என்னும் சர்க்கரையின் அலகுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீண்ட சங்கிலி. இத்தகைய நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகள் உண்டென்று ஜெர்மானிய அறிஞர் ஸ்டாடிங்கர் 1920இல் கூறியபோது பலர் நம்பவில்லை. அவர் கருத்தே வென்றது. 1953இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு வியப்பு உண்டு. நாம் உண்ணும் சோற்றின் மாப்பொருளும் குளுக்கோஸ் அலகுகளால் ஆனதே. அரிசியைக் கொதிநீரில் இட்டால் குழைந்து கஞ்சியாகிறது. பருத்தி நூலை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் நூலாகவே நிற்கிறது. ஒரே சர்க்கரையிலிருந்து சோறும் சேலையும் பிறந்த விந்தைதான் என்ன!

வேறுபாடு கோத்த முறையில் உள்ளது. மாப்பொருளில் அலகுகள் ஒரே பக்கமாகத் திரும்பி இணைவதால் சங்கிலி சுருண்டு வளைகிறது. செல்லுலோசில் அலகுகள் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி இணைவதால் சங்கிலி நேராக நீள்கிறது. நேரான சங்கிலிகள் விறகுக் கட்டைப்போல் நெருங்கி அடுக்கி நிற்க இயலும். நெருங்கி நிற்பதால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே நெடுகிலும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தோன்றுகின்றன. ஒரு பிணைப்பு எளிதில் அறும். ஆயிரம் பிணைப்புகள் ஒருங்கே அறுதல் அரிது. ஆகவேதான் சர்க்கரை நீரில் கரைகிறது. சர்க்கரையால் ஆன நூலோ நீரில் கரைவதில்லை.

நீர் நூலுக்குள் நுழைவதே இல்லையோ எனின், நுழைகிறது. நெருங்கி அடுக்காத இடங்களில் புகுந்து, அங்குள்ள சங்கிலிகளைச் சற்று நெகிழ்த்துகிறது. நெகிழ்ந்த சங்கிலிகள் சுமையைத் தமக்குள் பகிர்ந்து தாங்குகின்றன. ஆகவே நனைந்த பருத்தி உலர்ந்த பருத்தியைவிட வலிமை மிக்கதாகிறது. நெசவாளர் இதனைத் தம் பட்டறிவால் அறிவர். காற்று மிக வறண்ட கோடை நாள்களில் நூல் அடிக்கடி அறுகிறது. அறுந்த ஒவ்வோர் இழையையும் தறியை நிறுத்தி முடிதல் வேண்டும். நேரம் வீணாகும், கூலியும் குறையும். நூற்பாலைகளிலும் நெசவாலைகளிலும் காற்றில் ஈரம் குறையாமல் காக்க அதற்கெனப் பொறிகள் அமைப்பதும் இதனாலேயே.

பாவு நூலுக்குக் கஞ்சி தோய்க்கும் வழக்கத்தையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். காய்ச்சும்போது மாப்பொருளின் சங்கிலிகள் தம் பிணைப்புகளை விட்டு விரிகின்றன. அக்கஞ்சியை நூலில் தோய்த்து உலர்த்தினால், விரிந்த சங்கிலிகள் செல்லுலோசோடு புதிய பிணைப்புகள் கொள்கின்றன. நீட்டி நிற்கும் பஞ்சு மயிர்கள் படிந்து, இழை வழவழப்பாகி, அச்சின் உராய்வைத் தாங்கும். துணி நெய்து முடிந்தபின் கஞ்சியை அகற்றிவிடலாம். நீர் தெளித்துத் துணியை இஸ்திரி போடும்போதும் இதே செயல் நிகழ்கிறது. ஈரமும் வெப்பமும் பழைய பிணைப்புகளை நெகிழ்த்துகின்றன. உலரும்போது துணி புதிய நிலையில் பிணைப்புற்று மடிப்புக் கலையாமல் நிற்கிறது.

நூலின் கதை இதுவாயின், அந்நூலுக்குத் தாயான கரிசலின் கதை யாது? கோடையில் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடிக்கிறது. வெடிப்பில் கோலை விட்டால் ஆழத்தில் மறைகிறது. மழை பெய்தாலோ மண் பருத்து, வெடிப்பெல்லாம் மூடிக் காலில் அப்பிக்கொள்கிறது. அருகிலுள்ள செம்மண் இவ்வாறு விரிந்து சுருங்குவதில்லை.

மண்ணின் நுண்துகள்கள் ஏடுகளை அடுக்கிய சுவடி போன்றவை. செம்மண் நிலங்களில் பெரிதும் காணப்படும் கயோலினைட்டு என்னும் களிமண்ணில், ஓர் ஏட்டை அடுத்த ஏட்டோடு ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுகக் கட்டியுள்ளன. ஆகவே நீர் இடையே புகாது. கரிசலில் மிகுந்துள்ள மாண்ட்மோரிலனைட்டு என்னும் களிமண்ணில் அத்தகைய கட்டு இல்லை. அதன் ஏடு ஒன்றின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஏடுகள் எதிர்மின் தன்மை உடையவை. அவற்றின் இடையே கால்சியம், சோடியம் முதலிய நேர்மின் அயனிகள் தங்கி இருபுறத்தையும் ஈர்த்துப் பிடிக்கின்றன. மழை பெய்தால் நீர் மூலக்கூறுகள் அவ்வயனிகளைச் சூழ்ந்துகொள்ள, ஏடுகள் விலகுகின்றன, மண் பருக்கிறது. வெயிலில் நீர் நீங்க, ஏடுகள் நெருங்குகின்றன. மண் சுருங்கி வெடிக்கிறது.

இவ்விரிவும் சுருக்கமும் உழவனுக்கு நன்மையும் தீமையுமாம். முதல் மழைநீர் வெடிப்புகளின் வழியே ஆழத்திற்கு இறங்குகிறது. மேல்மண் வெடிப்பில் சரிந்து விழுந்து, நிலம் ஓரளவு தன்னைத்தானே புரட்டிக்கொள்கிறது. ஏடுகளின் இடையே தங்கிய ஈரம் மழை நின்ற பின்னும் மானாவாரிப் பருத்தியைக் காக்கிறது. ஆனால் ஏடுகளின் இடையே சோடியம் மிகுமாயின் பிடிப்புத் தளர்ந்து மண் சிதறுகிறது. துளைகள் அடைபட்டு, நிலம் களராகிறது. அந்நிலத்தில் ஜிப்சம் இடுமாறு வேளாண்மை அறிஞர் கூறுகின்றனர். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றி, இரு மடங்கு மின்னேற்றத்தால் ஏடுகளை இறுகப் பிடிக்கிறது.

கரிசலில் வீடு கட்டுவோர் படும் தொல்லை பெரிது. அரும்பாடுபட்டுச் சேர்த்த பொருளால் கட்டிய சிறு வீடு, சில மழைக்காலங்களுக்குள் சுவர் பிளந்து நிற்பதுண்டு. எடை குறைந்த வீட்டையே மண் எளிதில் தூக்கி இறக்குகிறது. ஆதலின் எளியோரின் வீட்டிற்கே இடர் மிகுதி. இதற்கு ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் ஒரு வழி வகுத்தது. பருவந்தோறும் அசையும் மேல்மண்ணைத் துளைத்து, அசையாத ஆழத்தில் அடி அகன்ற தூண்களை ஊன்றி, அவற்றின்மேல் சுவரெழுப்புவதே அவ்வழி. மண்ணின் இயல்பை மாற்ற இயலாதெனினும், அதனை அறிந்தவன் அதனோடு இணங்கி வாழ இயலும்.

பொருள்களின் உள்ளமைப்பை ஆராய்ந்தவர்களுள் இம்மாவட்டத்தார் ஒருவரும் உண்டு. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், படிகங்களின் காந்தப் பண்பு திசைக்குத் திசை வேறுபடுவதை நுட்பமாக அளந்தார். பென்சிலில் உள்ள கிராபைட்டும் அவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று. அதுவும் ஏடுகளால் ஆனதே. ஏட்டினுள் பிணைப்பு வலிது. ஏடுகளுக்கு இடையே பிணைப்பு மெலிது. அதனாலேயே ஏடுகள் வழுக்கித் தாளில் படிய, நாம் எழுதுகிறோம்.

உயிருடலையும் இம்மெல்லிய பிணைப்புகளே தாங்குகின்றன. தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் கொல்லாஜன் என்னும் புரதம் உண்டு. அதன் அமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆராய்ந்து, 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். மூன்று சங்கிலிகள் முப்புரிக் கயிறுபோல் முறுக்கி நிற்கின்றன என்பது அவர்கள் கண்ட உண்மை. புரிகளைக் கட்டும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் பிறர் திருத்தம் கூறினர். முப்புரி அமைப்போ நிலைபெற்றது.

இதுகாறும் கண்டவற்றால் பெறும் உண்மை யாது? நிலைபேறு என்பது அசையாமை அன்று. வலிய பிணைப்புகள் மட்டுமே இருந்தால் நூல் ஈரத்தில் நெகிழாது, மண் மழையை ஏற்காது, உடல் வளையாது. தளர வேண்டியபோது தளர்ந்து, கூட வேண்டியபோது கூடும் சிறு பிணைப்புகளே பொருள்களை வாழ்விக்கின்றன. தனித்தனியே மெலிந்தவை எனினும், எண்ணிறந்தனவாய் நெருங்கி நிற்பதனால் அவை வலிமை பெறுகின்றன. அவற்றின் இயல்பை அறிதல் அறிவியலார்க்கு மட்டும் உரியதன்று. நிலத்தில் ஏர் பிடிக்கும் கைக்கும், தறியில் நாடா ஓட்டும் கைக்கும், தமக்கென ஒரு வீடு கட்டிக்கொள்ள விழையும் எளியோர்க்கும் அவ்வறிவு துணை நிற்கும்.