பட்டுப்புழுவும் சுகர் மாத்திரையும்

தலைப்பைப் பார்த்து முகம் சுளிக்காதீங்க. 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் மீல்வார்ம் என்கிற வண்டுப் புழுவை மனித உணவாக அனுமதித்தது. 2024-ல் சிங்கப்பூர் 16 வகைப் பூச்சிகளை அனுமதித்தது. கூடவே, "பூச்சிப் புரதம் சாப்பிட்டா சுகர் குறையும்" என்ற பேச்சும் கிளம்பியிருக்கு. ஐசிஎம்ஆர் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. அதனால் இந்தப் பேச்சு நம்ம வீட்டு வாசலுக்கும் வரும். வருவதற்குள் அதைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்த்துடலாம்.

தட்டில் இரண்டு இட்லியைக் குறைத்து, அந்த இடத்தில் புரதம் வைத்தால் சாப்பிட்ட பிறகு சுகர் ஏறுவது குறையும். அந்தப் புரதம் முட்டையா, மீனா, வெட்டுக்கிளியா என்பது பெரிய விஷயமில்லை. பூச்சிக்கென்று தனிப் பெருமை இதில் எதுவும் கிடையாது.

தனிக் கதை உள்ள பூச்சி ஒன்று இருக்கு: பட்டுப்புழு. கொரியாவில் இதை உறைய வைத்து, உலர்த்தி, பொடியாக்கி, சுகருக்காகச் சாப்பிடுறாங்க. பொடிக்கு எடுப்பது பெரும்பாலும் ஐந்தாம் பருவத்தின் மூன்றாம் நாளில் உள்ள புழு. ஏன் அந்த நாள்? டிஎன்ஜே என்ற பொருள் அப்போதுதான் அதன் உடம்பில் அதிகம்.

டிஎன்ஜே பார்க்க குளுக்கோஸ் மாதிரியே இருக்கும். வளையத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் உட்கார்ந்திருக்கும். நாம சாப்பிட்ட சோற்றைக் கடைசிக் கட்டத்தில் குளுக்கோஸாக உடைக்கும் நொதிகள் சிறுகுடல் சுவரில் இருக்கு. டிஎன்ஜே அந்த நொதிக்குள் போய் மாட்டிக்கொள்ளும். பூட்டுக்குள் தப்பான சாவி சிக்கிய மாதிரி. உடைவது மெதுவாகும், ரத்தத்தில் சுகரும் மெதுவாக ஏறும். மிக்லிட்டால் என்ற மாத்திரையே டிஎன்ஜேயிலிருந்து உருவாக்கியதுதான். நம்ம மருந்துக்கடையில் கிடைக்கும் வோக்லிபோஸும் இதே வேலையைத்தான் செய்யுது.

இதில் கவனிக்க வேண்டியது, டிஎன்ஜே புரதமே இல்லை. புழுவுக்கு அது மல்பெரி இலையிலிருந்து வருது. மற்ற புழுக்கள் தன்னைத் தின்னாமல் இருக்க மல்பெரி தன் பாலில் வைத்திருக்கும் ஆயுதம் அது. பட்டுப்புழுவின் நொதி மட்டும் அதுக்கு அசைஞ்சு கொடுக்காது. அஸ்ஸாமில் விரும்பிச் சாப்பிடும் எரிப் பட்டுப்புழு ஆமணக்கு இலை தின்று வளர்வது. அதுக்கு மல்பெரியைக் கொடுத்தால் வளர்ச்சியே நின்றுபோகும். ஆக எரியில் புரதம் உண்டு, டிஎன்ஜே கிடையாது. "பட்டுப்புழு" என்று பாக்கெட்டில் இருந்தால் மட்டும் போதாது, எந்தப் புழு, எந்த இலை, எத்தனையாவது நாள் என்றெல்லாம் கேட்கணும். மாத்திரையில் மில்லிகிராம் அச்சடிச்சிருக்கும். பொடி விஷயத்தில் அந்த அளவு புழுவுக்குப் புழு மாறும்.

உடையாத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போனால் அங்குள்ள பாக்டீரியாவுக்கு விருந்து, நமக்கு வயிற்று உப்புசம். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. இன்சுலினோ கிளிமெபிரைடோ எடுக்கும் ஒருவருக்கு திடீரென்று சுகர் இறங்கினால், வழக்கமாகச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுப்போம். டிஎன்ஜே வகையைச் சேர்த்து எடுத்திருந்தால், சர்க்கரையை உடைக்கும் நொதியும் அடைபட்டிருக்கும். சர்க்கரை சீக்கிரம் ரத்தத்துக்கு வராது. குளுக்கோஸ் பவுடர்தான் கொடுக்கணும். மருத்துவரிடம் சொல்லாமல் பொடி வாங்கித் தின்பது இதனால்தான் ஆபத்து.

மற்ற பூச்சிகள்? மீல்வார்ம் புரதத்தை நொதியால் உடைத்துக் கிடைக்கும் துண்டுகள் டிபிபி-4 என்ற நொதியைச் சோதனைக் குழாயில் தடுத்திருக்கு. சிட்டாகிளிப்டின் மாத்திரை தடுப்பதும் அதே நொதியைத்தான். ஆனா சோதனைக் குழாயில் இரைப்பை கிடையாது. நாம விழுங்கும்போது அந்தத் துண்டுகள் செரிமானத்தில் மேலும் உடையும். மிஞ்சுவது வேலை செய்யுமா என்பதை மனிதர்களிடம்தான் பார்க்கணும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 2018-ல் வெளியான ஆய்வில் 20 பேர் தினமும் 25 கிராம் வீதம் 14 நாள் சில்வண்டுப் பொடி சாப்பிட்டாங்க. குடலில் ஒரு நல்ல பாக்டீரியா கூடியது. ஆனா எல்லாருமே ஆரோக்கியமானவங்க. அதை வைத்து சுகர் நோயாளிக்குச் சிபாரிசு செய்ய முடியாது.

இறால், நண்டு சாப்பிட்டால் தடிப்பு வருபவர்கள் ருசிக்குக்கூட இதைத் தொட வேண்டாம். ஒவ்வாமை தரும் டிரோபோமயோசின் புரதம் இரண்டிலும் இருக்கு. வேகவைத்தாலும் அது போகாது.