மூக்குத்தண்டு ஆபரேஷன்: பேக் எடுத்த மறுநாளிலிருந்து

மூக்குத்தண்டு வளைவுக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்தவர்கள் என்னிடம் பேச வந்தால், முதல் கேள்வி "ரொம்ப வலிக்குமா?" என்பதாகத்தான் இருக்கும். எனக்கு வலி பாராசிட்டமாலுக்கு அடங்கிவிட்டது. ஆளைப் படுத்தியது மூச்சடைப்பு. அதுவும் ஆபரேஷன் முடிந்ததும் மூக்குக்குள் அடைத்து வைக்கும் பேக்கை எடுத்து, அப்பாடா மூச்சு வருகிறதே என்று சந்தோஷப்பட்ட பிறகு, மறுநாளோ அதற்கடுத்த நாளோ மூக்கு மறுபடி அடைத்துக்கொள்ளும் பாருங்கள், அங்கேதான் பலருக்கு மனம் விட்டுப்போகிறது. ஆபரேஷனே வீண் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படி அடைக்கும் என்பதையும், ஏன் அடைக்கிறது என்பதையும் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு நாசித் துவாரங்களுக்கும் நடுவில் இருக்கும் சுவரில் முன்பகுதி குருத்தெலும்பு, பின்பகுதி எலும்பு. அது கொஞ்சம் வளைந்திருப்பது சாதாரணம். வளைவு அதிகமாகி ஒரு பக்கத்தை அடைத்தால்தான் தொந்தரவு. டாக்டர்கள் சீட்டில் 'டி.என்.எஸ்.' என்று எழுதுவது இதைத்தான். அதற்குச் செய்யும் செப்டோபிளாஸ்டி என்ற ஆபரேஷனில் மூக்கின் உட்புறத்தில் கீறி, சவ்வைப் பிரித்து, வளைந்த குருத்தெலும்பையும் எலும்பையும் நேராக்கி அல்லது வெட்டியெடுத்து, சவ்வை மறுபடி ஒட்டவைக்கிறார்கள். வெளியே தழும்பு இருக்காது. முகத்தின் அமைப்பு மாறுவதற்காகச் செய்வதும் இல்லை. "மூக்கு சப்பையாகிடுமா கண்ணு?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அவரைவிட எனக்குப் பெரிய கவலை மூக்குத்தி. ஆபரேஷனுக்கு முன் கழற்றியே ஆக வேண்டும், பல வருஷமாகக் கழற்றாமல் இருப்பவர்களுக்கு அன்றைக்கு அது எளிதில் வராது. இரண்டு நாள் முன்பே ஆசாரியிடம் போய்க் கழற்றிக்கொள்ளுங்கள். திரும்ப எப்போது போடலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதுவரை ஓட்டை சற்றுத் தூர்ந்துபோனாலும் குச்சியோ கம்பியோ விட்டு நோண்ட வேண்டாம்.

மயக்கம் தெளிந்ததும் மூக்கின் இரண்டு பக்கமும் அடைத்திருக்கும். எனக்கு வைத்தது ஈரம் பட்டால் உப்பும் பஞ்சுத் துண்டு. சில டாக்டர்கள் களிம்பு தடவிய துணிநாடா வைக்கிறார்கள். இப்போது பலர் பேக்கே வைக்காமல் உள்தையல் போட்டோ, சிலிகான் தகடு வைத்தோ அனுப்பிவிடுகிறார்கள். உங்களுக்கு எது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், முதல் இரண்டு நாளின் சிரமம் அதைப் பொறுத்தது. பேக் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் எடுக்கப்படும். தகடு ஒரு வாரம் போல இருக்கும்.

பேக் இருக்கும்போது வாயால்தான் மூச்சு. எச்சில் விழுங்கினால் காது 'டப்'பென்று அடைக்கும், ஏனென்றால் மூக்கில் காற்றுக்கு வழியில்லாததால் விழுங்கும்போது ஏற்படும் அழுத்தம் காதுக்குப் போகிறது. கண்ணீர் மூக்குக்குள் வடியும் குழாயும் அடைபடுவதால் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கும். பார்க்க வந்தவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள். இரவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, கண்ணயர்ந்ததும் விழிப்பு வந்துவிடும். பக்கத்தில் சொம்புத் தண்ணீரும் ஸ்பூனும் வைத்துக்கொண்டு, ஸ்பூன் ஸ்பூனாக நாக்கை நனைத்ததுதான் எனக்கு உதவியது. உதட்டுக்கு வாசலைன். மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து படுத்தால் வீக்கமும் ரத்தக் கசிவும் குறையும். மூக்குக்குக் கீழே ஒட்டும் பஞ்சு சிவப்பாக, பிறகு இளஞ்சிவப்பாக நனைவது முதல் ஓரிரு நாள் இருக்கும்தான். தொண்டைக்குள் இறங்கும் ரத்தத்தை விழுங்காமல் துப்பிவிடுங்கள், வயிற்றுக்குள் போனால் வாந்தி வரும்.

சாப்பாடு ஆறியதாக இருக்க வேண்டும். கஞ்சி, மோர்விட்டுக் கரைத்த சாதம், ஊறவைத்த இட்லி போதும். மென்றுகொண்டே மூச்சு விட முடியாது என்பதால் ஒரு வாய், ஒரு மூச்சு என்று நிதானமாகத்தான் இறங்கும்.

பேக் எடுப்பதைப் பற்றி ஊரே பயமுறுத்தும். உப்புநீர் விட்டு ஊறவைத்து இழுப்பார்கள். சில நொடிதான், ஆனால் இவ்வளவு நீளமா உள்ளே இருந்தது என்று தோன்றும் அளவுக்கு வந்துகொண்டே இருக்கும். கண் கலங்கும், கொஞ்சம் ரத்தம் வரும், சிலருக்குத் தலை சுற்றும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், எடுத்தவுடன் எழுந்து நிற்காதீர்கள். எனக்குப் பேக் எடுத்தபோது நர்ஸ் "வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கிட்டே இருங்க மேடம், பேசாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை பெரிய தைரியம். எடுத்த மறுகணம் ஜில்லென்று காற்று நெற்றிவரை ஏறியது.

இனி நான் சொல்ல வந்த மறுநாள். வெட்டுப்பட்ட சவ்வு வீங்குகிறது. சளியும் ரத்தமும் காய்ந்து உள்ளே பொருக்குத் தட்டுகிறது. உள்தையல் கரைகிறது. இவையெல்லாம் சேர்ந்து கடுமையான ஜலதோஷம் பிடித்ததைப் போல அடைக்கும். சில வேளை முன்பு நன்றாக இருந்த பக்கமே அதிகம் அடைக்கும். இது புண் ஆறுவதன் ஒரு பகுதி. இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகத் திறக்கும், முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதற்குள் மருந்துக்கடையில் அடைப்புநீக்கிச் சொட்டு மருந்தை வாங்கித் தினமும் விடாதீர்கள். சில நாளுக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

அடைப்பைக் குறைப்பது உப்புநீர் கழுவல்தான். ஆபரேஷனில் பாதி டாக்டர் கையில், மீதி இந்தக் கழுவலில் என்பது என் உறுதியான நம்பிக்கை. எந்த நாளிலிருந்து, எத்தனை தடவை என்பதை டாக்டர் சொல்வார். கடையில் விற்கும் பொட்டலமும் பாட்டிலும் வாங்கிக்கொள்ளுங்கள், உப்பின் அளவு சரியாக இருக்கும். தண்ணீர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் எதுவும் அப்படியே மூக்குக்குள் போகக் கூடாது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் அல்லது வாலைவடிநீர் மட்டும். 2024, 2025 ஆண்டுகளில் கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபா நோய் பலரைப் பாதித்ததும், அந்தக் கிருமி மூக்கு வழியாகவே மூளைக்குப் போகக்கூடியது என்பதும் செய்தியாகப் படித்திருப்பீர்கள். வாஷ்பேசின்மேல் லேசாகச் சாய்ந்து, வாயைத் திறந்தபடி, மெதுவாகப் பாட்டிலை அமுக்கினால் தண்ணீர் மறுபக்கம் வரும். முதல் தடவைகளில் பழுப்பான ரத்தக்கட்டித் துணுக்குகள் வரும். ஒருநாள் விரல்நுனி அளவு பொருக்கு ஒன்று பேசினில் விழுந்தது, அதன் பிறகு அந்தப் பக்கம் நன்றாகவே திறந்தது. தானாக விழட்டும். விரலால் எடுக்கவே கூடாது. மீதியை டாக்டர் அடுத்தடுத்த பரிசோதனையில் கருவி வைத்து எடுப்பார். அந்தப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். உள்ளே இரு சுவர்கள் ஒட்டிக்கொண்டு தழும்பாவதை அப்போதுதான் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியும்.

இரண்டு வாரம் வரை மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயை நன்றாகத் திறந்து தும்மிவிடுங்கள். அடக்கினால் அழுத்தம் முழுவதும் புண்ணில்தான் விழும். நம் வீடுகளில் தும்மலுக்குக் காரணம் தேடிப் போக வேண்டியதில்லை. மிளகாய் தாளிப்பு, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள் எல்லாவற்றையும் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் தாளிக்கும்போது என் கணவர் என்னை மாடிக்கு அனுப்பிவிடுவார். குனிந்து கோலம் போடுவது, குடம் தூக்குவது, கோயிலில் விழுந்து கும்பிடுவது, கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் தலைக்குக் குளிப்பது எல்லாம் ரத்தக் கசிவைக் கிளப்பும். ஆவி பிடிப்பதையும் மூக்கில் எண்ணெய் விடுவதையும் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். கபாலபாதிக்கும் அதே விதி.

மலச்சிக்கலைப் பற்றி யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வலிமாத்திரைகள் சிலவும், தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் சேர்ந்து அதைக் கொண்டுவரும். முக்கினால் மூக்கில் ரத்தம் வரும். பப்பாளியும் நிறையத் தண்ணீரும் முதல் நாளிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின், இபுப்ரொஃபென் போன்றவற்றை நீங்களாகப் போடாதீர்கள். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே இதைப் பேசிவிட வேண்டும்.

மேல்வரிசை முன்பற்களும் அவற்றின் பின்னாலுள்ள அண்ணமும் மரத்துப்போகலாம். கொய்யாவைக் கடித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நடுச்சுவரின் அடிப்பகுதியில் ஓடும் நரம்பு தொந்தரவுபடுவதால் வருவது, பெரும்பாலும் வாரங்களிலோ சில மாதங்களிலோ சரியாகும். வாசனையும் வீக்கம் வடிந்த பிறகுதான் திரும்பும். பில்டர் காபி வெறும் கசப்பாக இருந்தால் பதற வேண்டாம்.

பதற வேண்டியவை வேறு. இரண்டு பக்கமும் திடீரென்று இறுக அடைத்து, விண்விண்ணென்று வலித்து, காய்ச்சலும் வந்தால் நடுச்சுவருக்குள் ரத்தம் தேங்கியிருக்கலாம். குருத்தெலும்புக்கு ரத்தம் சவ்விலிருந்துதான் வருகிறது. தேங்கிய ரத்தத்தை உடனே எடுக்காவிட்டால் குருத்தெலும்பு அழுகிப்போகும். புது ரத்தம் ஒழுகினால் உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். நிற்கவில்லையென்றால் ஆஸ்பத்திரிதான். குனிந்தால் ஒரு பக்கம் தண்ணீராக ஒழுகுவது, கழுத்து இறுகிய தலைவலி, பார்வையில் மாற்றம், இவை எதையும் காலை வரை தள்ளிப்போடாதீர்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே இரவில் கூப்பிட வேண்டிய எண்ணைக் கேட்டு வாங்கி, வீட்டில் எல்லோருடைய போனிலும் பதிந்துவையுங்கள்.

உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் ஒரு வாரத்தில் திரும்பலாம். நான் ஆசிரியை, நாள் முழுக்கப் பேச வேண்டும் என்பதால் கூடுதலாக விடுப்புக் கேட்டேன், கேட்டது சரிதான். இன்னொன்று, அலர்ஜி இருப்பவர்களுக்கு ஆபரேஷன் வழியைத்தான் திறந்துவிடும், அலர்ஜியைத் தீர்க்காது. தூசி பட்டால் எனக்கு இன்றும் தும்மல் வருகிறது, ஸ்பிரேயும் தொடர்கிறது. வாயைத் திறக்காமல் இரவு முழுக்கத் தூங்க முடிகிறது, அதற்காகத்தான் ஆபரேஷன் செய்துகொண்டேன்.