அளந்து சொல், காட்டிச் சொல்: ஓர் இளம் மெக்கானிக்குக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அந்த டீசல் கார் மூன்றாவது முறையாக உன் பட்டறைக்கு வந்து நிற்கிறது, பின்பக்கக் கிராங்க் சீலை இரண்டு தடவை மாற்றியும் ஆயில் ஒழுகுகிறது, வேலை செய்யும் பையன்கள் முன்னாலேயே வண்டிக்காரர் உன்னைச் சத்தம் போட்டுவிட்டார் என்று எழுதியிருந்தாய். "ஒரிஜினல் சீல்தான் போட்டேன் அண்ணே, நான் என்ன தப்பு செய்தேன்?" என்றும் கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது கடைசிப் பக்கத்தில் நீ போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. "லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி, லேசாகக் கசியத்தான் செய்யும் என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய்.

அப்படிச் சொல்லி அனுப்பாதே தம்பி. அந்த மனிதர் இந்த வாக்கியத்தை ஏற்கெனவே வேறு இடங்களில் கேட்டுவிட்டுத்தான் உன்னிடம் வந்திருக்கிறார். கடன் போட்டு வாங்கிய கார். வீட்டு வாசலில் நிறுத்திய இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம் விழுகிறது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் துடைத்து, ஆயில் ஊற்றி, "கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்க சார்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அடுத்த முறை போனால் கவுண்டரில் வேறு ஆள் இருப்பார். அவரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். இப்படியே இழுத்துக்கொண்டிருக்கையில் வாரண்டி முடிந்துவிடும். ஒழுகும் ஆயிலின் விலை பெரிய காசில்லை. தான் கண்ணால் பார்ப்பதை "அப்படி ஒன்றுமில்லை" என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்வதுதான் மனிதரைக் கொதிக்க வைக்கிறது. உன் பட்டறையில் அவர் போட்ட சத்தத்தில் உனக்குச் சேர வேண்டியது கொஞ்சம்தான்.

இனி வேலைக்கு வருகிறேன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஆயில் வந்தால், சீல்மேல் சந்தேகப்படுவதைக் கடைசியில் வைத்துக்கொள். முதலில் எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார். பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரியும் வாயுவில் கொஞ்சம் கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அது வெளியேறத்தான் ப்ரீதர் வைத்திருக்கிறார்கள். ப்ரீதர் குழாயில் கரியும் ஆயில் கசடும் சேர்ந்து அடைத்துவிட்டால் வாயுவுக்குப் போக வழியில்லை. வெயிட் அடைத்துக்கொண்ட குக்கரில் மூடி ஓரமாக ஆவி பீறுவது போல, எஞ்சினிலும் எந்தச் சீல் இளைத்திருக்கிறதோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். நீ புதுச் சீல் போட்டாய். அழுத்தம் அப்படியே இருந்தது. புதுச் சீலின் உதட்டையும் அது தள்ளிவிட்டது. இன்னும் கெட்டிச் சீல் ஒன்றை நீ தேடிப் போட்டிருந்தால், டேப்பெட் கவர் பேக்கிங்கில் ஒழுகத் தொடங்கியிருக்கும்.

இதைப் பார்க்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி ட்யூப் போதும். அதை ஆங்கில 'யு' போல் நன்றாகத் தாழ வளைத்துப் பலகையில் கட்டி, பாதியளவு தண்ணீர் ஊற்று. ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்றுப் புகாமல் சொருகு. மறுமுனை திறந்திருக்கட்டும். எஞ்சினைச் சூடாக்கி ஐடிலிங்கில் மட்டும் ஓட விடு. ஆக்ஸிலரேட்டரைத் தொடாதே, தண்ணீர் உள்ளே இழுத்துக்கொள்ள இடம் கொடுக்கக் கூடாது. நல்ல எஞ்சினில் மட்டம் லேசாக அசையும். திறந்த பக்கம் சாண் கணக்கில் ஏறினால் உள்ளே அழுத்தம் நிற்கிறது என்று அர்த்தம். ப்ரீதர் குழாய், ஆயில் பிரிப்பான், டர்போவுக்குப் போகும் ஹோஸ் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, மறுபடியும் அதே ட்யூபை வைத்துப் பார். மட்டம் இறங்கிவிட்டால் நோய் ப்ரீதரில்தான். இறங்கவில்லை என்றால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது, அல்லது டர்போ வழியாகக் காற்று இறங்குகிறது. அப்போது இது சீல் வேலை அல்ல, எஞ்சின் வேலை. அதை எஞ்சின் வேலை என்றே வண்டிக்காரரிடம் சொல்ல வேண்டும். இன்னொரு சீலுக்கு அவரிடம் காசு வாங்காதே.

அடுத்த சந்தேகம், கசிவு அங்கேதானா என்பது. கியர்பாக்ஸும் எஞ்சினும் சேரும் இடத்தில் சொட்டினால் எல்லோரும் பின்பக்கச் சீல் என்றுதான் முடிவு கட்டுகிறார்கள். ஆயில் கீழ் நோக்கி இறங்கும், ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னால் தள்ளும். டேப்பெட் கவரின் பின்மூலையில் கசிந்தது பிளாக்கின் முதுகு வழியாக இறங்கி அதே இடத்தில்தான் வந்து சொட்டும். ஆயில் பிரஷர் சுவிட்ச் கசிந்தாலும் சில எஞ்சின்களில் அப்படித்தான். கியர்பாக்ஸ் முன்சீல் போயிருந்தால் வருவது கியர் ஆயிலாக இருக்கும். விரலில் தொட்டு முகர்ந்து பார், கந்தக நெடி காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால் எஞ்சினைக் கழுவு, உலர்த்து, சந்தேகமான இடங்களில் சாதாரண டால்கம் பவுடரைத் தூவு, பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டு. பவுடர் நனைந்த இடங்களில் எது மேலே இருக்கிறதோ அதுதான் பிறப்பிடம். புற ஊதா விளக்கும் சாயமும் வாங்க முடிந்தால் வாங்கு, அது இன்னும் தெளிவாகக் காட்டும். இந்த ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தப் பார்ப்பவர்கள்தான் ஒரு நாள் வேலையை வீணாக்குகிறார்கள்.

சீல்தான் குற்றவாளி என்று உறுதியானால், கிராங்க் தண்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் தடவிப் பார். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் எத்தனை ஒரிஜினல் சீல் போட்டாலும் நிற்காது. மெல்லிய உலோக உறை மாட்டலாம், இடம் இருந்தால் சீலைப் பள்ளத்திலிருந்து சற்றுத் தள்ளி உட்கார வைக்கலாம்.

சிலிகான் பேஸ்ட் பற்றியும் சொல்லியாக வேண்டும், எனக்கு அதில் தீராத கோபம் உண்டு. பழைய பேக்கிங்கைச் சரியாகச் சுரண்டாமல், அதன்மேல் விரல் தடிமனுக்குப் பேஸ்டைப் பிதுக்கி நட்டை முறுக்கிவிடுகிறார்கள். வெளியே தெரிவது பாதி, மீதி உள்ளே பிதுங்கி நிற்கிறது. அது ஒரு நாள் பிய்ந்து சம்புக்குள் விழுந்து ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்தால் பேரிங்குக்கு ஆயில் போகாது. கசிவை நிறுத்தப் போய் எஞ்சினைக் கொல்வது இப்படித்தான். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கோடு போதும். போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமாகச் சுற்றிப் போ, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காய விடு. அலுமினிய முகத்தை இரும்புத் தகட்டால் சுரண்டாதே, நீ போடும் ஒவ்வொரு கீறலும் ஆயிலுக்கு ஒரு வாய்க்கால். நேர்க்கோலும் ஃபீலர் கேஜும் வைத்து முகம் வளைந்திருக்கிறதா என்று பார். நட்டை நடுவிலிருந்து வெளியே, குறுக்கும் நெடுக்குமாக, டார்க் ரெஞ்சால் முறுக்கு. ட்ரெயின் போல்ட்டின் வாஷரை மாற்றாமல் பலத்தைக் காட்டினால் சம்பின் மரை போய்விடும், அதன் பிறகு அந்தக் கசிவு உன்னுடையது.

"புல்லட்டில் ஆயில் ஒழுகினால்தான் உள்ளே ஆயில் இருக்கிறது என்று அர்த்தம்" என்று நம் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. 1955இல் சென்னையில் தயாரிப்புத் தொடங்கிய அந்த வண்டியை நான் மிகவும் மதிக்கிறேன், அதனால்தான் பிடிக்காது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சினில் ஆயில் டேங்க் கிராங்க் கேஸ் வார்ப்பிலேயே அடங்கியிருக்கிறது. வண்டி வாரக்கணக்கில் நின்றால் அந்த ஆயில் பம்ப் வழியாக மெல்ல இறங்கிக் கிராங்க் அறையை நிரப்பிவிடும். உதைத்துக் கிளப்பியதும் பிஸ்டன் கீழே வரும் வேகத்தில் அதை ப்ரீதர் வழியாக வெளியே துப்பும். வாத்து அலகு போன்ற அந்த ரப்பர் வால்வு இறுகிப்போயிருந்தால் இன்னும் மோசம், காற்று வெளியே மட்டும் போகாமல் உள்ளேயும் திரும்பும். இதில் விதி எதுவும் இல்லை, ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் எஞ்சின்கள் பலவற்றில் கிராங்க் கேஸை இடம் வலமாகப் பிளந்திருந்தார்கள், இணைப்புக் கோடு ஆயில் நிற்கும் அடிப்பகுதி வழியாகவே போனது. 1969இல் வந்த ஹோண்டா சிபி750 அதை மேல் கீழாகப் பிரித்தது. நான்கு சிலிண்டர் எஞ்சினே ஒழுகாமல் ஓடும் என்று உலகம் கண்ணால் பார்த்தது. அதுவரை "பைக் என்றால் ஒழுகத்தான் செய்யும்" என்று சொல்லி வந்தவர்கள் சந்தையைத்தான் இழந்தார்கள்.

கசிவைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் தென்னாப்பிரிக்காவில் நடந்ததைப் படிக்க வேண்டும். 2017 ஜனவரியில் ஃபோர்டு நிறுவனம் அங்கே 1.6 லிட்டர் குகா கார்கள் 4,556ஐத் திரும்ப அழைத்தது. கூலன்ட் சரியாகச் சுற்றாமல் எஞ்சின் சூடேறினால் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழலாம், அதன் வழியாகக் கசியும் ஆயில் சூடான பாகத்தில் பட்டால் தீப்பிடிக்கலாம் என்பதுதான் காரணம். பல கார்கள் எரிந்த பிறகுதான் அந்த அழைப்பு வந்தது. நம் கைக்கு வரும் வண்டிகளிலும் சைலன்சர் பக்கம் சொட்டும் ஆயில், டைமிங் பெல்ட்டை ஊறவைக்கும் ஆயில், டூவீலரின் பின் டயருக்குப் போகும் ஆயில் மூன்றையும் அன்றைக்கே நிறுத்து. அவற்றை "அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடவே கூடாது.

எல்லாக் கசிவையும் அடைத்தே தீர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பேக்கிங் ஓரத்தில் வியர்வை போல் படியும் ஈரம் வேறு, சொட்டு வேறு. ஈரம்தான் என்றால் டிப்ஸ்டிக்கில் மட்டத்தைக் குறித்து அனுப்பி, 1,000 கிலோமீட்டர் கழித்து வரச் சொல். குறையவில்லை என்றால் அவரையே டிப்ஸ்டிக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, "இதற்கு இப்போது கியர்பாக்ஸை இறக்க வேண்டாம், செலவு வீண்" என்று சொல். சீல் சில நூறு ரூபாய், இறக்கி ஏற்றும் கூலி ஆயிரக்கணக்கில். அந்தக் கணக்கை முன்பே சொல்லிவிட்டால் பிறகு தகராறு வராது. "கசியத்தான் செய்யும்" என்பதும் "அளந்து பார்த்தேன், இவ்வளவுதான் குறைகிறது" என்பதும் அவருக்கு ஒன்றாகக் கேட்காது.

பார்த்ததையெல்லாம் ஜாப் கார்டில் எழுது. தேதி, கிலோமீட்டர், எங்கே நனைந்திருந்தது, என்ன செய்தாய், போட்டோ எல்லாம் வேண்டும். புதுக் காரில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுக்கு மாற்று வண்டியோ பணமோ வாங்கித் தர அமெரிக்க மாநிலங்களில் தனிச் சட்டம் உண்டு, இங்கே அப்படி இல்லை. நம் வண்டிக்காரருக்கு இருப்பது 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும், தயாரிப்புக் குறை என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், விற்பனைக்கு ஏற்ப நிர்ணயித்த எண்ணிக்கையில் புகார் சேர்ந்தால் வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடவும் வழி இருக்கிறது. இதிலெல்லாம் அவர் கையில் பிடித்துக்கொள்ளக் கூடிய ஆதாரம் உன்னைப் போன்றவர்கள் எழுதிக் கொடுக்கும் தாள்தான். பெரிய சர்வீஸ் சென்டர்களின் பில்லில் "ஜெனரல் செக்கப்" என்று மட்டும் இருப்பதை எத்தனையோ பேர் வந்து காட்டியிருக்கிறார்கள். வாயால் சொன்ன புகாருக்குத் தடயமே இல்லாமல் போகிறது. நீ அப்படிச் செய்யாதே.

அந்த டீசல் காரை இன்று இறக்காதே. அவருக்குப் போன் பண்ணி, "நாளைக்குக் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி வாங்க சார், நீங்களே பார்க்கணும்" என்று சொல். அவர் வந்ததும் எஞ்சினைக் கழுவு, ட்யூபைச் சொருகி மட்டத்தை அவருக்குக் காட்டு. ப்ரீதரைச் சுத்தம் செய்து, அவர் நிற்கும்போதே மறுபடியும் பார். முதலிலேயே இதைப் பார்க்காமல் இரண்டாவது சீல் மாற்றியதற்கு வாங்கிய கூலியை இந்த வேலையில் கழித்துக்கொள். அப்படியும் மட்டம் இறங்கவில்லை என்றால் லீக்-டவுன் டெஸ்ட் போட வேண்டும். அதற்கான கேஜ் என்னிடம் இருக்கிறது, பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்